எல்லாச் சீட்டிலும் ஏறும் மாத்திரை

காய்ச்சலுக்குப் போனாலும் மூட்டுவலிக்குப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும், கைக்கு வரும் மருந்துச் சீட்டில் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. பான்டோபிரசோல் 40, இல்லையென்றால் ரபெப்ரசோல் 20. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன். எதற்கு என்று கேட்டால், "மத்த மாத்திரையெல்லாம் சூடு, வயித்தைப் புண்ணாக்கிடும், அதுக்குத்தான் இது" என்று பதில் வரும். சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் இரண்டு வலி மாத்திரை கேட்டாலும், கடைக்காரர் அக்கறையாகவே, "கூட ஒரு கேஸ் மாத்திரையும் போட்டுக்கங்க" என்று அட்டையிலிருந்து ஒன்றைக் கத்தரித்துத் தருவார். அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் பல வீடுகளில் காலைக் காபிக்கு முன் இதை விழுங்காமல் நாள் தொடங்குவதில்லை. யார், எப்போது, எதற்காக ஆரம்பித்துவைத்தார்கள் என்று விசாரித்தால் பலருக்கும் நினைவிருக்காது.

இதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கை இதுதான்: மாத்திரை என்றாலே வயிற்றைச் சுடும், இந்த ஒரு மாத்திரை வயிற்றின் உட்சுவரில் படிந்து அந்தச் சூட்டைத் தடுக்கும், தடுக்காவிட்டாலும் கெடுதல் ஒன்றும் செய்யாது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் இல்லை. மருத்துவர்களில் ஒரு பகுதியினரும் இதே எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். இந்த நம்பிக்கை ஏறக்குறைய முழுவதும் தவறு. மருந்து மோசமானது என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருந்தியல் கண்டுபிடித்த சிறந்த மருந்துகளில் இது ஒன்று. எத்தனையோ பேரை அறுவை மேசையிலிருந்து காப்பாற்றிய மருந்து, என்ன செய்கிறது என்றே தெரியாமல் இப்படி வாரி இறைக்கப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் பாதி வாதம் முடிந்துவிடும்.

விழுங்கியதும் இந்த மாத்திரை வயிற்றில் எதையும் செய்வதில்லை. செய்யவும் கூடாது. அமிலம் பட்டாலே சிதைந்துவிடும் வேதிப்பொருள் அது. அதனால்தான் அமிலத்தில் கரையாத மேலுறையைப் பூசி அனுப்புகிறார்கள். இரைப்பையை முழுசாகக் கடந்து சிறுகுடலுக்குப் போன பிறகே உறை கரைகிறது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறோமே, அப்போது மருந்தின் பெரும்பகுதியை வயிற்றிலேயே அழித்துவிடுகிறோம். சிறுகுடலிலிருந்து அது ரத்தத்தில் கலந்து, கல்லீரலைக் கடந்து, இதயத்துக்குப் போய், உடல் முழுக்கச் சுற்றி, கடைசியில் ரத்தக் குழாய் வழியாகத்தான் இரைப்பைச் சுவரை வந்தடைகிறது. வயிற்றுக்குள் படியும் பூச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைவலி மாத்திரையைப் போல இதுவும் உடல் முழுவதும் போய்வரும் மருந்து.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரப்பதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்லின் உள்ளே மெல்லிய கால்வாய்கள். கால்வாயின் சுவரில் புரதத்தாலான பம்புகள். ஒவ்வொரு பம்பும் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான அடர்த்தியில் அமிலம் அந்தக் கால்வாயில் சேர்கிறது. உடலில் வேறெந்த இடத்திலும் இப்படி ஒரு அமிலத்தன்மை கிடையாது. மருந்தின் சாமர்த்தியம் இந்த இடத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ரத்தத்தில் வரும்போது மருந்துக்கு மின்னேற்றம் இல்லை. செல்லின் சவ்வுகளைத் தடையில்லாமல் கடந்துவிடுகிறது. கால்வாய்க்குள் நுழைந்ததும் அங்குள்ள அமிலம் அதற்கு மின்னேற்றம் கொடுக்கிறது. வந்த வழியே திரும்ப முடியாமல் அது அங்கேயே சிக்கி, ரத்தத்தில் இருந்ததைப் போல ஆயிரம் மடங்கு செறிவாகத் தேங்குகிறது. பிறகு அதே அமிலம் அதன் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம் பம்பிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கந்தகப் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. பம்பு நின்றுவிடுகிறது. அந்தப் பிடி எளிதில் விடுவதில்லை. பெரும்பாலும் செல் புதிய பம்பைச் செய்து கொண்டுவந்து வைத்த பிறகுதான் அமிலம் மறுபடி வரும்.

ஆக, அமிலத்தை அடக்கும் மருந்து அமிலத்தால்தான் உயிர்பெறுகிறது. அந்த நேரத்தில் அமிலம் சுரந்துகொண்டிருக்கும் பம்பை மட்டுமே அதனால் பிடிக்க முடியும். சும்மா இருக்கும் பம்பை அதனால் தொட முடியாது. வெறும் வயிற்றில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் சுருண்டு ஓய்வில் கிடக்கும். சாப்பாடு வந்ததும் அவை கால்வாய்ச் சுவருக்கு வந்து வேலையைத் தொடங்கும். மருந்தோ ரத்தத்தில் தங்குவது கொஞ்ச நேரம்தான். ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அந்தக் குறுகிய நேரமும் பம்புகள் விழிக்கும் நேரமும் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள். சாப்பிட்டாக வேண்டும் என்பது இதில் அடக்கம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகல் பன்னிரண்டு வரை காபியோடு காலம் தள்ளுகிறவருக்கு அந்த நாளின் மாத்திரை பெரும்பாலும் வீண். இரவு பிரியாணியை முடித்துவிட்டு நெஞ்சு கரிக்கிறதென்று விழுங்குகிறவருக்கும் அதே கதிதான். மருந்து போய்ச்சேரும் நேரத்துக்குள் பம்புகள் ஓய்வுக்குத் திரும்ப ஆரம்பித்துவிடும்.

சரியான நேரத்தில் போட்டாலும் முதல் மாத்திரை எல்லாப் பம்பையும் பிடிப்பதில்லை. பிடிபடாதவை மிச்சம் இருக்கும். இரவில் புதியவை முளைக்கும். மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து போட்ட பிறகே முழு வேகத்துக்கு வருகிறது. அப்போதும் இரைப்பையின் உச்ச அமிலத் திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அடக்குகிறது. "இப்ப எரியுது, இப்பவே அடங்கணும்" என்பவருக்கு ஏற்ற மருந்தே இல்லை இது. அவருக்கு வேண்டியது அமிலத்தை அங்கேயே சமன்செய்யும் ஜெலுசில் போன்ற திரவமோ, ஃபமோடிடின் போன்ற மருந்தோதான். மூன்று நாள் காய்ச்சலுக்கு எழுதும் சீட்டில் இந்த மாத்திரையும் மூன்று நாளைக்கு எழுதப்படுகிறது. அது வேலையைச் சரிவரத் தொடங்கும் நாளில் சீட்டு முடிந்துவிடுகிறது.

இந்த மருந்து எப்படி வந்தது என்பதையும் நினைத்துப்பார்க்க வேண்டும். எழுபதுகள் வரை குடல்புண்ணுக்குத் தீர்வு பெரும்பாலும் கத்திதான். இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள்; அமிலத்தைத் தூண்டும் நரம்பை அறுத்தார்கள். தென்னிந்தியாவில் குடல்புண் மிகுதி என்பதால் இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் அது அன்றாட அறுவையாக இருந்தது. ஜேம்ஸ் பிளாக் குழுவினர் கண்டுபிடித்த, அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் 1976-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது அந்த நிலை மாறத் தொடங்கியது. ஸ்வீடனில் உருவான, இந்த வகையின் முதல் மருந்தான ஒமெப்ரசோல் 1988-இல் வந்து அதை முடித்துவைத்தது. பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1988-இல். வயிற்றை வெட்டுவதற்குப் பதிலாக வந்த மருந்து இது. அந்த அளவுக்கு வலுவான ஒன்றை எந்தச் சீட்டுக்கும் துணைக்கு வைக்கலாம் என்று எப்படி நினைக்கத் துணிகிறோம்?

இனி "மாத்திரை சூடு" என்ற நம்பிக்கைக்கு வருவோம். இதில் உண்மையின் ஒரு துளி இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. ஆனால் அவை சுவரைச் சுட்டுப் புண்ணாக்குவது இதில் சிறு பங்குதான். இரைப்பைச் சுவருக்குச் சளிப்படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் தந்து காப்பவை புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். ஆஸ்பிரின் அவற்றின் உற்பத்தியையே தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அந்தத் தடை ரத்தத்தின் வழியாக நடப்பது. அதனால்தான் டைக்ளோஃபினாக்கை ஊசியாகப் போட்டாலும் ஆசனவாயில் வைத்தாலும் புண் வரலாம். "வயித்துக்கு ஆகாது, ஊசியாப் போட்டுடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் எதிலிருந்தும் தப்புவதில்லை. இந்த வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டியவர் வயதானவராகவோ, முன்பு புண் வந்தவராகவோ, கூடவே ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவராகவோ இருந்தால், பான்டோபிரசோல் அவருக்குக் கட்டாயம் வேண்டும். அங்கே அது உயிர்காக்கும் மருந்து. முப்பது வயதுக்காரர் கால் சுளுக்குக்கு இரண்டு நாள் போடும் மாத்திரைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பாராசிட்டமாலுக்கு இந்தத் துளி உண்மையும் கிடையாது. வழக்கமான அளவில் அது இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை. ஆன்டிபயாடிக்குகள் வயிற்றைப் புரட்டும், குமட்டும், பேதியாகும், உண்மை. ஆனால் எரித்ரோமைசின் குமட்டுவது குடலின் அசைவைத் தூண்டுவதால். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையில் பேதியாவதற்குக் குடலின் அசைவும் அங்குள்ள கிருமிகளின் சமநிலை கலைவதும் காரணம். இதில் இரைப்பை அமிலத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. பங்கே இல்லாத ஒன்றை அடக்கி என்ன பயன்? நிஜமாகவே சுடும் ஆன்டிபயாடிக் ஒன்று உண்டென்றால் அது டாக்ஸிசைக்ளின். அதுவும் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால்தான். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பதே அதற்குப் பரிகாரம்.

பயனில்லை என்பதோடு போகவில்லை. சளிக்கும் தொண்டைக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் மாத்திரை செஃப்போடாக்ஸிம். அது உடலில் ஏற இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் உட்கிரகிப்பு சுமார் முப்பது சதவீதம் குறையும் என்று அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. செஃபுராக்ஸிமுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல் கேப்ஸ்யூலும் அப்படித்தான். இந்த மாத்திரைகளைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சேர்க்கும் பான்டோபிரசோல் அவற்றின் வலுவையே குறைக்கிறது. கிருமி சாகாவிட்டால் அடுத்து வருவது இன்னும் வலுவான ஆன்டிபயாடிக்.

எனக்கு மருத்துவர்கள் சொல்லும் பதில் தெரியும். "நோயாளிகளே கேட்கிறார்கள். எழுதாவிட்டால், வயிறு எரிகிறதென்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்." கேட்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் கேட்கப் பழக்கியது யார்? முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சீட்டிலும் எழுதிவைத்து, மாத்திரை என்றாலே வயிறு புண்ணாகும் என்ற பயத்தைச் சீட்டின் வழியாகவே விதைத்துவிட்டு, அந்தப் பயத்தையே காரணமாகக் காட்டுவது நியாயமில்லை. "இது வயிற்றைப் புண்ணாக்காது, சாப்பிட்டுவிட்டுப் போடுங்க, லேசாகக் குமட்டினால் பயப்படாதீங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

வாயுத் தொல்லைக்கு வருவோம். இந்த மாத்திரை அதிகம் விற்பது அந்தப் பெயரில்தான். வயிற்றில் இருக்கும் காற்று நாம் சாப்பிடும்போதும் பேசும்போதும் விழுங்கியது. கீழே பெருங்குடலில் சேரும் வாயு, செரிக்காத மாவையும் நாரையும் கிருமிகள் நொதிக்கவைத்து உண்டாக்குவது. அமிலப் பம்பு இரண்டிலும் சம்பந்தப்படவில்லை. அமிலம் குறைந்தால் சிறுகுடலில் கிருமிகள் பெருகச் சாத்தியம் கூடும். உப்புசம் சிலருக்கு அதிகமாகவே செய்யலாம். இதற்கென்றே டாம்பெரிடோன் சேர்த்த கூட்டு மாத்திரை வந்திருக்கிறது. அந்தக் கூட்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், கூடியவரை ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு பலருக்கு மேல்வயிற்றில் அழுத்தமாகவும் குமட்டலாகவும்தான் தெரியும். நெஞ்சில் பாரம், கொஞ்சம் வியர்வை, ஒரு ஏப்பம் விட்டதும் தேவலை போலிருக்கிறது. "கேஸ்தான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருக்கிறார்கள். இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் மணி நேரங்கள் அவை. அடைப்பைத் திறந்து அந்தத் தசையைக் காப்பாற்ற முதல் சில மணி நேரமே பொன்னானது. நாற்பதைத் தாண்டியவருக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, புதிதாக நெஞ்சு கரித்து வியர்த்தால் முதலில் எடுக்க வேண்டியது இசிஜி. இந்த மாத்திரைக்கு நாம் சூட்டிய பெயர் அவர்களைத் தடுத்து வைக்கிறது. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும்.

"விட்டுப் பார்த்தேன், எரிச்சல் இன்னும் மோசமாக வந்தது; அப்படியானால் எனக்கு இது வேண்டும் என்றுதானே அர்த்தம்?" இந்தக் கேள்விதான் பலரை ஆண்டுக்கணக்கில் மாத்திரையோடு கட்டிப்போட்டிருக்கிறது. கோபன்ஹேகனில் செய்து 2009-இல் வெளியான ஆய்வு இதற்கு நேரான பதிலைத் தருகிறது. வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே வகை மருந்தான எசொமெப்ரசோல் 40, பிறகு நான்கு வாரம் மருந்தில்லாத போலி மாத்திரை. மற்றப் பாதிக்குப் பன்னிரண்டு வாரமும் போலி மாத்திரைதான். கடைசி நான்கு வாரத்தில் போலி மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லை வந்தது. மருந்து எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு வந்தது. இவர்கள் யாருக்கும் முன்பு நோய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த எரிச்சலை உண்டாக்கியது மருந்தை நிறுத்தியதுதான்.

காரணம் பம்பின் கதையிலேயே இருக்கிறது. அமிலம் குறைந்ததும் இரைப்பை சும்மா இருப்பதில்லை. அமிலத்தைக் கூட்டச் சொல்லி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை மேலும் மேலும் அனுப்புகிறது. அதைக் கேட்டு ஹிஸ்டமின் சுரக்கும் செல்கள் பருத்துப் பெருகுகின்றன. மருந்து இருக்கும்வரை இந்த ஆயத்தம் வெளியே தெரியாது, பம்புகள்தான் பூட்டப்பட்டிருக்கின்றனவே. மருந்தை நிறுத்தியதும் புதுப் பம்புகள் வருகின்றன, பெருத்துக் காத்திருக்கும் படை அவற்றை முழு வேகத்தில் ஓட்டுகிறது. முன்பு சுரந்ததைவிட அதிக அமிலம் சில வாரங்களுக்குச் சுரக்கும். பொறுத்தால் தணியும். ஆனால் மூன்றாம் நாளே எரிச்சல் தாங்காமல் மறுபடி மாத்திரைக்குப் போகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. காரணமில்லாமல் தொடங்கிய மாத்திரை, தனக்கான காரணத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டுவிடுகிறது.

எதிர்ப்பக்கத்துக்காரர்களையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரை சிறுநீரகத்தை அழித்துவிடும், மறதிநோயைக் கொண்டுவரும், எலும்பை உடைக்கும் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்திகள் பெரும்பாலும் நோயாளிப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகளிலிருந்து வருபவை. ஏற்கனவே உடல் நலிந்தவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கேடுகளை மாத்திரையின் தலையில் கட்டுவது எளிது. குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள 17,598 பேரில் பாதிப் பேருக்கு பான்டோபிரசோல் 40, மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகள். 2019-இல் முடிவு வந்தது. மறதிநோய், சிறுநீரக நோய், எலும்பு முறிவு, நிமோனியா எதிலும் உறுதியான வித்தியாசமில்லை. குடல் தொற்று மட்டும் கூடியது: 1 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதத்துக்கு. தேவையுள்ளவர் மூன்று ஆண்டு எடுப்பதில் பயப்பட அதிகமில்லை என்பதை இதிலிருந்து நான் முழு மனதோடு ஏற்கிறேன். தேவையில்லாதவர் எடுக்கலாம் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. இருபது ஆண்டு எடுப்பவரைப் பற்றியும் அது பேசவில்லை.

அந்தக் குடல் தொற்று நமக்குச் சின்ன விஷயமும் இல்லை. இரைப்பை அமிலம் உணவைச் செரிக்க மட்டும் இருப்பதல்ல. வாய் வழியே வரும் கிருமிக்கு உடலின் முதல் காவல். அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்துச் செய்த பழைய சோதனைகளில், சோடா உப்பால் அமிலத்தை மட்டுப்படுத்தியதும், அதற்குமுன் நோய் உண்டாக்கப் போதாத அளவு கிருமியே போதுமானதாயிற்று. டைபாய்டும் பேதியும் தண்ணீரோடு வரும் ஊரில் வாழ்கிறோம். ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் பேதி வேறு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-இலேயே இதுபற்றி எச்சரித்தது.

இரும்புச் சத்தின் கதை இதைவிட வருத்தம் தருவது. கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவர அமிலம் வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் அது வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்னதும், அதற்கும் துணையாக அமிலத்தை அடக்கும் மாத்திரை கொடுக்கப்படுகிறது. இரும்பு ஏறவில்லை என்று பிறகு ஊசிக்குப் போகிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளின் நிலை இன்னொன்று. உணவிலுள்ள பி12 வைட்டமினைப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். கலிஃபோர்னியாவில் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், பி12 குறைபாடு உள்ளவர்களிடையே இரண்டு ஆண்டுக்கு மேல் இந்த மாத்திரை எடுத்தவர்கள் கணிசமாக அதிகம் இருந்தார்கள். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். இரண்டையும் பத்தாண்டாக எடுக்கும் சைவ உணவுக்காரர் நம் ஊரில் எத்தனை பேர்! பாதம் மரத்துப்போவதும் எரிவதும் சர்க்கரையால் என்று முடிவுகட்டி, நரம்பு மாத்திரை ஒன்று கூடுகிறது. பி12 அளவை ஒரு முறை பார்க்கச் சொல்வதற்கு ஆளில்லை. ஓராண்டுக்கு மேல் எடுப்பவர்களுக்கு மக்னீசியம் குறையலாம் என்றும் 2011-இல் எச்சரிக்கை வந்தது. காரணம் தெரியாமல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்பவருக்கு அதையும் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவு எழுதுவதிலும் கோளாறு இருக்கிறது. இந்த மருந்துகளைக் கல்லீரலில் உடைப்பது பெரும்பாலும் சிஒய்பி2சி19 என்ற நொதி. அந்த நொதி மந்தமாக இயங்கச் செய்யும் மரபணு வடிவம் ஐரோப்பியரைவிடத் தமிழரிடையே அதிகம் என்று புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவர் உடலில் அதே மாத்திரை அதிக அளவில், அதிக நேரம் தங்கும். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெல்லை உயிர்ப்பிப்பதும் அதே நொதிதான். ஒமெப்ரசோலும் எசொமெப்ரசோலும் அந்த நொதியைத் தடுப்பதால் அவற்றைக் குளோபிடோக்ரெல்லோடு சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் கடையில் ஏதோ ஒரு அமில மாத்திரையைக் கேட்டு வாங்குவது எவ்வளவு விபரீதம்!

நோயை மறைப்பதும் உண்டு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் குடல்புண்ணுக்கு முக்கியக் காரணம் என்று பெர்த் நகரின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டு வார மருந்தில் அந்தக் கிருமியை ஒழித்தால் பலருக்குப் புண் திரும்புவதில்லை. அமில மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சுப் பரிசோதனை செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கிருமியைத் தேடாமல் அமிலத்தை மட்டும் அடக்கிக்கொண்டே போனால், தீர்க்கக்கூடிய நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை. எடை குறைகிறது, விழுங்கும்போது அடைக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, ரத்தசோகை என்று வருகிறவருக்கு மாத்திரை எழுதி அனுப்புவது அதைவிடக் கொடுமை. புற்றுநோயின் தொடக்க வலியைக்கூட இந்த மருந்து சில மாதம் அடக்கிவைத்துவிடும். அவருக்கு வேண்டியது எண்டோஸ்கோபி.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை தானாக நிறுத்திவிடக் கூடாதவர்களின் பட்டியலும் உண்டு. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து பிழைத்து, ஆஸ்பிரினை விட முடியாதவர்கள், உணவுக்குழாய் மோசமாகப் புண்ணாகிப்போனவர்கள், அங்கே பாரெட் என்ற மாற்றம் கண்டவர்கள், அமிலம் அளவுக்குமீறிச் சுரக்கும் சொலிங்கர்–எலிசன் நோய்க்காரர்கள். இவர்களுக்குத் தினமும் வேண்டும், ஆண்டுக்கணக்கில் வேண்டும். மற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேட்கலாம்: இது எனக்கு எதற்காக, எதுவரை? பதில் இல்லையென்றால் குறைக்கத் தொடங்கலாம். இரு வேளை என்றால் ஒரு வேளை, நாற்பது என்றால் இருபது, பிறகு நிறுத்தம். எரிச்சல் இரண்டு மூன்று வாரம் வந்துபோகும். அந்த நாட்களுக்கு ஜெலுசிலோ ஃபமோடிடினோ போதும். இரவுச் சாப்பாட்டை முடித்து மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும், தொப்பையைக் குறைப்பதும் இந்த நேரத்தில் நன்றாகக் கைகொடுக்கும்.

மருத்துவமனைகளிடம் கேட்பது ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இரைப்பை ரத்தக்கசிவு வரலாம் என்று இந்த மருந்தைத் தொடங்குகிறார்கள். 2018-இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், தீவிர சிகிச்சையில் இருந்த, ரத்தக்கசிவு அபாயமுள்ள 3,298 பேரில் அது ரத்தக்கசிவை 4.2 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதத்துக்குக் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை. தொடங்குவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடத் தொடங்கிய அன்று அந்தக் காரணம் முடிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி அப்படியே நிற்கிறது. அடுத்து பார்க்கும் மருத்துவர் முந்தையவர் எழுதியதை அடிக்கத் தயங்குகிறார். ஐந்து ஆண்டு ஓடிவிடுகிறது. சீட்டில் இந்த மாத்திரையின் பெயருக்கு எதிரே எதற்காக என்று இரண்டு சொல்லும், எந்தத் தேதி வரை என்றும் எழுதப்பட வேண்டும். அந்த இரண்டும் இல்லாத சீட்டைக் கொண்டுவருகிறவரிடம், மாத்திரையைக் கத்தரிப்பதற்கு முன் மருந்தாளுநர் திருப்பிக் கேட்க வேண்டும்.